மேல் இடது ஆறு

தோகுஜி கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்தார் என்றால் அந்தத் தெருவில் மணி ஆறு. கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட அவர் குரலைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.

நாற்பத்தோரு வருஷம் ரயில் ஓட்டியவர். ஜப்பானில் ரயில்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்ட வேண்டும், காட்டியதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். "சிக்னல் பச்சை, சரி! கதவு மூடியாச்சு, சரி!" பணியிலிருந்து ஓய்வு கொடுத்தாலும் விரலுக்கு ஓய்வு கிடையாது. கல்யாண மேடையிலேயே மணப்பெண்ணை நோக்கி விரலை நீட்டி "பொண்ணு, சரி!" என்று கூவியதாக ஊரில் ஒரு பேச்சு. தோகுஜி அதை மறுப்பார். மணப்பெண்ணான தோமி ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த விரல்தான் இப்போது தினமும் காலையில் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"மேல் வலது ஒண்ணு, சரி! மேல் வலது ரெண்டு, சரி!"

மேலே ஒன்பது, கீழே பதினொன்று. ஒவ்வொரு 'சரி'க்கும் அகிதா மாநிலத்துக் கூரைகளில் பனி அரை அடி சரிந்தது. வரிசையை மாற்றிக் கடைசிக்கென்று அவர் நிறுத்தி வைத்திருப்பது மேல் இடது ஆறு, ஒரு கடைவாய்ப் பல். அதற்கு மட்டும் குரல் இன்னும் ஒரு படி ஏறும்.

"மேல் இடது ஆறு, சரி! மொத்தம் இருபது. வண்டி புறப்படலாம்!"

வண்டி எங்கே புறப்படுகிறது என்று கேட்டால் ஊரே பதில் சொல்லும். எண்பதாவது வயதுக்கு. எண்பதில் இருபது என்பது அரசாங்கம் போட்ட கணக்கு. எண்பது வயதில் சொந்தப் பல் இருபது மிச்சம் இருந்தால், ஜூன் மாதம் ஊர் மன்றத்தில் மேடையேற்றி, சட்டம் போட்ட சான்றிதழும், கடைவாய்ப் பல் வடிவத்தில் ஒரு பித்தளைச் சின்னமும் கொடுப்பார்கள். கூடவே ஒரு பிரஷ். எண்பது வருஷம் பல்லைக் காத்தவனுக்கு எதைக் கொடுப்பது என்று கூடிக்கூடி யோசித்து, கடைசியில் பிரஷ்தான் என்று முடிவு கட்டிய மகான் யாரோ தெரியவில்லை.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் தோகுஜி இல்லை. தோமிதான்.

ரயிலை விட்டு இறங்கிய பிறகு தோகுஜி ஆறு வருஷம் பாயை விட்டு இறங்கவில்லை. காலை பத்து மணிக்கு சாக்கே என்கிற அரிசி மதுவில் முதல் கிண்ணம், அப்புறம் டிவி, அப்புறம் இரண்டாவது கிண்ணம். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் முதுகிலிருந்து வேர் இறங்கியிருக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரைகள் பெட்டியோடு தூசி படிந்து கிடந்தன. எழுபத்தோரு வயதில் ஆறு பல்லை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு, இனி இருப்பது இருபதுதான் என்று வீங்கிய தாடையோடு வந்து படுத்த அன்று, தோமி விவசாயச் சங்கம் இனாமாகக் கொடுத்த காலண்டரை அவர் தலைமாட்டில் மாட்டினாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் அவள். கேரட்டைக் கண்டால் அலறும் நானூறு பிள்ளைகளைக் கேரட் தின்ன வைத்த கை.

"ஏங்க, பல்லு தேய்ச்சா நாளைக்கு ஒரு முத்திரை," என்றாள். பெயர் பொறித்த தன் சொந்த முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் காட்டினாள். "மூணு வேளை, வேளைக்கு மூணு நிமிஷம். முப்பது முத்திரை சேர்ந்தா ஒரு குப்பி சாக்கே. நல்ல சரக்கு."

"என்னை என்ன ஒண்ணாங்கிளாஸ் பையன்னு நெனச்சியா?"

"இல்லீங்க. ஒண்ணாங்கிளாஸ் பையன் சொன்னாக் கேப்பான்."

முதல் மாதம் தோகுஜி சாக்கேக்காகத் தேய்த்தார். இரண்டாவது மாதமும் சாக்கேதான். பல் தேய்க்க வேண்டும் என்பதால் எழுந்தார், எழுந்துவிட்டதால் நடந்தார், நடந்துவிட்டு வந்த தெம்பில் மாத்திரையையும் முழுங்கினார். பல்லைப் பிடித்து இழுத்ததில் முழு மனிதரும் வெளியே வந்துவிட்டார். தோமி கன்னத்தில் கைவைத்து அதிசயித்தாள். ஒரு வருஷம் போனது. மாதம் முடிந்தும் அவர் குப்பியைக் கேட்கவில்லை. அடுத்த மாதமும் கேட்கவில்லை. அலமாரியில் குப்பிகள் வரிசை கட்டி நின்றன. அவருக்கு இப்போது சாக்கே வேண்டாம், இருபதுதான் வேண்டும்.

"லஞ்சம் வாங்கற மனுசன்னா லஞ்சத்தைக் காட்டியே திருப்பிடலாம்," என்று ஒருநாள் அடுத்த அறையில் தோமி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "சும்மாவே செய்யறவரை என்ன பண்றது?"

தோகுஜி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

தோமி அதைச் சொன்னது மசகிச்சியிடம். தோகுஜிக்கு அடுத்த வீடு, அதே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஆப்பிள் தோட்டக்காரன். பிரஷ் என்பதை மசகிச்சி வாழ்நாளில் தொட்டதில்லை. காலையில் விரலில் உப்பைத் தொட்டு ஒரு இழுப்பு, முடிந்தது. புகை பிடிப்பான். குப்பி மூடியைப் பல்லால் திறப்பான். சைக்கிள் செயின் கழன்றால்கூட அவன் பல்லால்தான் மாட்டுவான் என்று சொல்வார்கள். வாயில் இருபத்தாறு பல், ஒன்றில்கூடப் பூச்சியில்லை. உலகத்தில் நியாயம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதற்கு தோகுஜி வேறு சாட்சி தேடியதில்லை.

"டேய் டிரைவர், என்னடா இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட்டு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூவுவான். "எந்தப் பல்லுடா தடம் புரண்டுச்சு?"

"போடா உப்புவாயா! ஜூன்ல மேடையில பாக்கலாம்."

"பாக்கலாமே. ரெண்டு பேருக்கும் ஒரே வருசந்தான் எம்பது. நான் பல்லைக் கொண்டு வரேன், நீ வாயைக் கொண்டு வா."

அகிதாவில் ஊறுகாய்க்குக் கக்கோ என்று பெயர். ஊறுகாய் என்றால் தொட்டுக்கொள்கிற ஊறுகாய் இல்லை. முழு முள்ளங்கியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகை போட்டு, அரிசித் தவிட்டிலும் உப்பிலும் பீப்பாயில் அடுக்கி, மேலே பாரக்கல் ஏற்றி, பனி கொட்டும் காலத்தில் எடுப்பது. விறகு மாதிரி இருக்கும். கடித்தால் பொறுக்கென்று ஒரு சத்தம், அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மூன்று மணிக்கு, அடியில் கணப்பு வைத்த மேஜையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, தேநீரும் கக்கோவும். "கக்கோ சாப்பிட வா" என்று இந்த ஊரில் ஒருவர் கூப்பிட்டால் ஊறுகாய் தின்னக் கூப்பிடவில்லை. வந்து உட்கார், பேசு என்று அர்த்தம். வரமாட்டேன் என்றால், உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

தோமியின் வாயில் மிஞ்சியது நான்கே பல். பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு போனது, மீதியெல்லாம் தன்னைக் கவனிக்க நேரமில்லாமல் போனது என்பாள். பல்செட் வைத்துக்கொண்டு கக்கோவைத் தாள் மாதிரிச் சீவி, நாக்கில் ஒதுக்கிச் சப்புவாள். கடிக்கிற வேலை தோகுஜியுடையது. அவர் பொறுக்கென்று கடித்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம், இந்த வருசம் புகை நல்லா ஏறியிருக்கு," என்பாள். சத்தத்தை வைத்தே பதம் சொல்கிற நாக்கு அவள் காதில் இருந்தது.

எழுபத்தேழாவது வயதில், பனி விழத் தொடங்கிய காலத்தில், மேல் இடது ஆறு வலித்தது.

பல் டாக்டர் கமாதா பழைய மனிதர்; தோகுஜி ஓட்டிய ரயிலில்தான் கல்லூரிக்குப் போய் டாக்டரானவர். தோகுஜிக்குப் பல் டாக்டர் நாற்காலி என்றால் குலைநடுக்கம். மரத்துப்போக ஊசி போட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் ஓட்டிய தடத்தின் ஸ்டேஷன் பெயர்களை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஒப்பிப்பார். அன்று மூன்று முறை போய்த் திரும்பினார். டாக்டரிடம் இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது, அதுவரை அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு மூடி. கடைசி நாள் எழுந்தபோது மேல் இடது ஐந்து, ஆறு, ஏழு, மூன்றும் பளபளவென்று இருந்தன.

"மூணுக்கும் சேர்த்துத் தொப்பி போட்டிருக்கேன்," என்றார் டாக்டர்.

"தொப்பி போட்டாலும் வேர் என்னுதுதானே டாக்டர்? கணக்குல வருமில்ல?"

"வேர் உள்ளது வரும்," என்றார் டாக்டர், கை கழுவிக்கொண்டே. வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோமி கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு தோகுஜி கக்கோவை விட்டார். மேல் இடது ஆறு தப்பியது மயிரிழையில். இனி ஒரு ஆபத்து கூடாது. கக்கோவோடு அரிசி முறுக்கையும் வறுத்த வேர்க்கடலையையும் ஆப்பிளையும்கூட விட்டார். சோறு குழைந்து வந்தது. மீன் முள்ளோடு மானமும் களைந்து வந்தது. இருபது பல்லும் ராஜாக்களைப்போல் வேலைவெட்டியின்றி வீற்றிருந்தன.

"ஏங்க, ஒரு துண்டு," என்றாள் தோமி முதல் நாள் மூன்று மணிக்கு.

"மூணு வருசம் பொறு. ஜூன்ல சான்றிதழ வாங்கிட்டு வந்து ஒரு பீப்பாயையே தின்னு காட்டறேன்."

"அதுவரைக்கும் நான் யார்கூட உக்காந்து டீ குடிக்கறது?"

"அதான் பக்கத்து வீட்டுல ஒருத்தன் இருபத்தாறு வச்சிக்கிட்டுச் சும்மா அலையறானே."

வாய்க்கொழுப்புக்குச் சொன்னது. ஆனால் மசகிச்சி மறுநாளே வந்துவிட்டான். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷங்களாகியிருந்தன. கக்கோவுக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் ஜென்மம் இல்லை. மூன்று குளிர்காலம், தினமும் மூன்று மணிக்கு, கணப்பு மேஜையில் தோகுஜியின் இடத்தில் காலை நீட்டிக்கொண்டு பொறுக் பொறுக்கென்று கடித்தான். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எங்கே கை நீண்டுவிடுமோ என்று தோகுஜி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருப்பார். கதவு வழியாகச் சத்தம் வரும். கடிக்கிற சத்தம், பேச்சு, தோமியின் சிரிப்பு, சில நேரம் பேச்சே இல்லாத ஒரு நீண்ட இடைவெளி. கொப்பளிப்பு முடிந்ததும் வெளியே வந்து காலண்டரை நீட்டுவார். தோமி முத்திரை குத்துவாள்.

மூன்றாவது வருஷம் நவம்பரில் தோமி ஒரு சின்னப் பீப்பாயைத் தனியாக ஊறப்போட்டாள். அதன் மூடியில் தன் முத்திரையை ஒரே ஒரு தடவை குத்தினாள்.

"இது உங்க ஜூன் பீப்பாய். உப்பு கூடப் போட்டிருக்கேன். இருந்தாலும் வெயில் வந்தா தாங்குமான்னு தெரியல. பனிக்காலத்துப் பண்டங்க இது."

"தாங்கும், தாங்கும். நான் தாங்கலியா?"

பிப்ரவரியில் தோமிக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். தோகுஜி தினமும் பஸ் பிடித்துப் போனார். பையில் பிரஷ், கொப்பளிக்கும் மருந்து, சுருட்டிய காலண்டர். நர்சுகள் அவரைக் கண்டதும் வழிவிட்டு நின்றார்கள், தண்ணீர்க் குழாயடிக்கு.

ஒன்பதாம் நாள் மதியம் தோமி கக்கோ கேட்டாள். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுபோனார். அவள் பல்செட் மேஜைமேல் தம்ளரில் கிடந்தது. அதைப் போட்டுக்கொள்ளத் தெம்பில்லை.

"நான் கடிக்க முடியாதுங்க," என்றாள். "நீங்க ஒரு துண்டு கடிங்க. நான் கேட்டுக்கறேன்."

தோகுஜி டப்பாவைப் பார்த்தார். பழுப்பாக, கெட்டியாக, புகை மணத்தோடு கிடந்தது. மார்ச்சில் பிறந்தநாள். ஏப்ரலில் பரிசோதனை. இன்னும் இரண்டு மாதம். எட்டு வருஷத்தில் இரண்டு மாதம் என்பது கடைசி ஸ்டேஷனின் வெளிச் சிக்னல். அங்கே வந்து வண்டியைக் கவிழ்ப்பானா ஒரு டிரைவர்?

"ஜூன் வரட்டும் தோமி. வீட்டுக்கு வந்து சேர்ந்து சாப்பிடலாம்."

"சத்தம் மட்டுந்தாங்க."

"ஒரு துண்டு வாயில ஊற வைக்கறேன். அது போதுமில்ல?"

தோமி அவர் பக்கம் திரும்பினாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் ஏற்கெனவே பிரஷ்ஷை எடுத்திருந்தார், மணி ஒன்றரை.

"காலண்டரைக் கொடுங்க," என்றாள்.

முத்திரை கோணலாக விழுந்தது. மறுநாள் இன்னும் கோணலாக. அதற்கு மறுநாள் விழவில்லை.

தோமியின் சாம்பலை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த வாரமும் தோகுஜி பல் தேய்த்தார், மூன்று வேளை, வேளைக்கு மூன்று நிமிஷம். முத்திரையை அவரே குத்திக்கொண்டார். ஊர் அவரைக் கல்நெஞ்சன் என்றது. உண்மையில் அந்த ஒன்பது நிமிஷம் போக மீதி நாள் முழுக்க என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில், சான்றிதழுக்கான பரிசோதனைக்கு, கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். பெரிய டாக்டர் கமாதா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். இப்போது அவர் மகள், சின்ன டாக்டரம்மா. படம் எடுத்தாள். விண்ணப்பத் தாளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஐயா, உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

"பத்தொம்பது ஐயா."

தோகுஜி சிரித்தார். "டாக்டரம்மா, காலையில எண்ணிட்டுத்தான் வந்தேன். தெருவே கேட்டுச்சு. நீங்க தொப்பி போட்டதை எண்ணாம விட்டுட்டீங்க. மேல் இடது ஆறு."

"அது தொப்பி இல்லீங்க. அஞ்சுக்கும் ஏழுக்கும் தொப்பி. ஆறு நடுவுல தொங்குது. பாலம் மாதிரி. அடியில வேர் இல்ல." படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டு வேர்களுக்கு நடுவே வெறும் இருட்டு. "அப்பா மூணு வருசத்துக்கு முன்னாடியே புடுங்கிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு..." நிறுத்தினாள். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. எழுந்துபோய்ப் பழைய அட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பெரிய டாக்டரின் கோழிக்கிறுக்கல். *மேல் இடது ஆறு எடுக்கப்பட்டது. மனைவி கேட்டுக்கொண்டபடி அவரிடம் சொல்லவில்லை. இருபது இல்லையென்றால் மறுபடி படுத்துவிடுவார் என்கிறார்.*

"ரெண்டு வருசமா நானும் சொல்லல," என்றாள் டாக்டரம்மா. "உங்க வீட்டம்மா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா இது அரசாங்கத் தாளுங்க ஐயா. இதுல நான் எழுத முடியாது."

தோகுஜி அட்டையில் போட்டிருந்த தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு தடவையாவது மாறும் என்பதுபோல. டிசம்பர். கக்கோவை விட்ட அதே வாரம். மூன்று குளிர்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அவர் காவல் காத்த பல், அந்த முதல் நாளே இந்த ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் கிடந்திருக்கிறது. நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு சிக்னலைத் தவறவிடாதவர், எண்ணூறு நாளுக்கு மேல் வெறும் கம்பத்தைக் காட்டிச் சரி, சரி என்று கூவியிருக்கிறார்.

நேராக மசகிச்சியின் தோட்டத்துக்குப் போனார். அவன் ஏணிமேல் நின்று கிளை கழித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடா?"

எது என்று மசகிச்சி கேட்கவில்லை. ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து. கக்கோவக்கூடத் தொடாம அழுதாடா அவ. 'பல்லு போயிருச்சுன்னு சொன்னா படுத்துருவாரு, சொல்லலேன்னா என்கூட உக்கார மாட்டேங்கறாரு, நான் என்ன பண்ணட்டும் மசகிச்சி'ன்னு கேட்டா. மூணு வருசமும் அதே கேள்வி."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லாதேன்னேன்." மசகிச்சி கத்திரியைத் தரையில் வைத்தான். "நீ ஆறு வருசம் பாயில கெடந்தத நான் பாத்திருக்கேன்டா. அதுக்கு இது தேவலன்னு நெனச்சேன். ஜூன் வந்தா என்ன பண்ணுவன்னு நான் கேட்டா சிரிப்பா. 'அதுக்குள்ள எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிருவோம், கவலைப்படாத'ம்பா."

தோகுஜி விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். என்ன சொல்லிக் கூவுவது என்று தெரியவில்லை. விரலை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஜூன் மாத விழாவுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். மசகிச்சி வாசலில் வந்து நின்றுகொண்டான். "நீ வரலேன்னா எனக்கு யாருடா கை தட்டுவா? பெண்டாட்டியும் இல்ல, தோமியும் இல்ல." சலவை செய்த கோட்டு எப்படியும் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. போனார். மேடையில் பதினேழு கிழங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. வெளிச்சத்தில் மன்றமே கண் கூசியது. நடுநாயகமாக மசகிச்சி, இருபத்தாறோடு.

"இந்தப் பல்லோட ரகசியம் என்ன, சொல்லுங்க," என்று மைக்கை நீட்டினார் ஊர்த் தலைவர்.

மசகிச்சி பொய் சொல்லத் தெரியாத முட்டாள். "ரகசியம் ஒண்ணுமில்ல," என்றான். "தினம் மூணு மணிக்குக் கக்கோ சாப்பிட்டேன். கூட உக்காந்து பேச ஒரு ஆள் இருந்துச்சு."

மன்றம் முழுக்கக் கைதட்டியது. தோகுஜியும் தட்டினார். கை வலிக்கும்வரை தட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். மசகிச்சி சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டு, பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். தோகுஜி கொட்டகையிலிருந்து சின்னப் பீப்பாயைத் தூக்கிவந்து கணப்பு மேஜையருகே வைத்தார். பாரக்கல்லை இறக்கினார். மூடியில் அந்த ஒற்றை முத்திரை, சிவப்பு மங்காமல். பல் தேய்க்காமலே அவருக்குக் கிடைத்த ஒரே முத்திரை.

திறந்ததும் மசகிச்சி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"புளிச்சிப் போச்சுடா. வெயில் பட்டுருச்சு. இது மார்ச்சுலயே தின்னுருக்க வேண்டிய சாமான்."

தோகுஜி ஒரு முள்ளங்கியை எடுத்துப் பலகையில் வைத்து வெட்டினார். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. தேநீர் ஊற்றினார். தன் பழைய இடத்தில், மூன்று வருஷம் மசகிச்சி உட்கார்ந்திருந்த இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தார். எதிரே தோமி உட்காரும் சின்ன மெத்தை. ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தார்.

வாழைப்பழம் மாதிரி நசுங்கியது. புளிப்பு காதுவரைக்கும் ஏறியது. சத்தமில்லை. வலது பக்கம் தள்ளிக் கடித்தார். முன்பல்லால் கடித்தார். மேல் இடது ஆறாலும் கடித்துப் பார்த்தார். எதற்கும் சத்தமில்லை.

"தூக்கிப் போடுடா," என்றான் மசகிச்சி. ஒரு துண்டை அவனும் வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான். "இதுக்குப் பல்லே வேணாமேடா. பொறந்த கொழந்தை திங்கும்."

"மசகிச்சி."

"ம்."

"நீ கடிக்கறப்ப அவ என்ன பண்ணுவா?"

மசகிச்சி தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"கண்ண மூடிட்டுக் கேப்பா."

"கேட்டுட்டு?"

"விடுடா."

"கேட்டுட்டு?"

"'நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு இன்னும் பலமாக் கடிப்பாரு'ம்பா."

தோகுஜி அடுத்த துண்டை எடுத்தார். உள்ள பலத்தையெல்லாம் தாடைக்குக் கொண்டுவந்து ஒரே கடியாகக் கடித்தார். துண்டு வழுக்கி ஒதுங்கியது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நேராக மோதி டக்கென்றது. இன்னொரு துண்டு. டக். இன்னொன்று. டக். மெத்தையைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, ரயில் தண்டவாள இணைப்பைத் தாண்டுவதுபோல் டக், டக் என்று கடித்துக்கொண்டே போனார்.

மசகிச்சி அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மெதுவாடா டேய்! பல்லு ஒடைஞ்சிரும்."